கவுன்சிலர் படும் பாடு

ஊருக்குள் தேர்தல் வாடை வீசத் தொடங்கிவிட்டதா என்று அறியப் பஞ்சாங்கம் புரட்ட வேண்டியதில்லை. தெருமுனைச் சாக்கடையை எட்டிப் பார்த்தால் போதும். நாலரை ஆண்டுகள் நாறிக் கிடந்த சாக்கடையிலே ஒருநாள் காலை மண்வெட்டி இறங்குகிறது. அமாவாசை என்றும் பௌர்ணமி என்றும் பாராமல் அணைந்தே நின்ற விளக்குக் கம்பம் கண் விழிக்கிறது. பள்ளம் விழுந்த சந்துக்கு ஜல்லி வந்து இறங்குகிறது. ஜல்லிக் குவியலுக்குப் பக்கத்திலே கைகூப்பியபடி ஒருவர் நிற்கிறார். அவர்தான் கவுன்சிலர்.

அவரைக் கேலி செய்வது மிக எளிது. தேநீர்க் கடை பெஞ்சிலே அரை மணி நேரம் உட்கார்ந்தால் அத்தனை கேலியும் இலவசமாகவே காதில் விழும். "அஞ்சு வருஷமா ஆளைக் காணோம், இப்ப பாருங்க வேலையை!" என்பார் ஒருவர். "வார்டுக்கு வந்தாரோ இல்லையோ, வீட்டுக்கு மாடி வந்துடுச்சு!" என்பார் இன்னொருவர். இந்தக் கேலியிலே பாதி நியாயம் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. மறுபாதியைப் பற்றித்தான் இன்று பேச எண்ணுகிறோம்.

2022 பிப்ரவரி 19-ஆம் நாள் வாக்குச் சாவடிக்குப் போய் நாம் தேர்ந்தெடுத்த நகர மன்றங்கள் மார்ச் 2-ஆம் நாள் பதவியேற்றன. 21 மாநகராட்சிகள், 138 நகராட்சிகள், 490 பேரூராட்சிகள். எல்லாமாகச் சேர்த்து 12,800-க்கு மேற்பட்ட கவுன்சிலர்கள். அரசியல் சட்டம் இந்த மன்றங்களுக்கு வகுத்த ஆயுள் ஐந்தாண்டு. 2027 மார்ச்சுத் தொடக்கத்தில் அந்த ஆயுள் நிறைகிறது. அதற்குள் இத்தனை பேரும் மறுபடி நம் வாசலுக்கு வந்தாக வேண்டும். வருவார்களா? வரும்படியாகத் தேர்தல் நடக்குமா? இந்தக் கேள்வியைச் சற்றே தள்ளி வைத்துவிட்டு, முதலில் அந்த மனிதர் படும் பாட்டைப் பார்ப்போம்.

விடியற்காலை ஐந்தரை மணி. கைப்பேசி அலறுகிறது. "அண்ணே, மூணு நாளாக் குழாயிலே தண்ணி வரல, எங்க தெரு என்ன பாவம் பண்ணிச்சு?" வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வால்வு திறப்பவரைத் தேடி ஓடுகிறார். வால்வு திறந்துதான் இருக்கிறது. தொட்டியிலேதான் தண்ணீர் ஏறவில்லை. தொட்டிக்கு நீர் அனுப்ப வேண்டியது கூட்டுக் குடிநீர்த் திட்டம்; அதை நடத்துவது குடிநீர் வடிகால் வாரியம். கவுன்சிலர் கேட்டால் வாரியத்து அதிகாரி மின்தடை என்கிறார். மின்வாரியத்தைக் கேட்டால் பராமரிப்பு என்கிறார்கள். குடத்தோடு நிற்கிற தாய்மார்களுக்கு வாரியமும் தெரியாது, பராமரிப்பும் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தவர் ஒருவர்தான். ஓட்டுக் கேட்டு வந்த அந்த ஒருவரைத்தான் அவர்கள் ஏசுகிறார்கள்.

ஏழு மணிக்குத் தூய்மைப் பணியாளர் வருகையைப் பார்க்கப் போகிறார். வர வேண்டியவர் பதினைந்து பேர் என்றால் வந்தவர் ஒன்பது பேர். மீதிப் பேர் எங்கே என்றால், ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளர் தலையைச் சொறிகிறார். பத்து மணிக்கு முதியோர் உதவித்தொகை நின்றுபோன பாட்டியம்மாவை அழைத்துக்கொண்டு தாலுகா அலுவலகம். அது வருவாய்த் துறை. நகராட்சிக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனாலும் போகிறார். உச்சிவேளையில் ஒரு சாவு வீடு; சுடுகாட்டில் விறகுக்கும் தகன மேடைக்கும் ஏற்பாடு செய்ய வேண்டும். மாலையில் ரேஷன் கடைக்காரரோடு ஒரு தகராறு. அதுவும் நகராட்சியைச் சேர்ந்ததல்ல. இரவில் கட்சி அலுவலகத்தில் கூட்டம். நள்ளிரவில் மழை பிடித்தால் தாழ்வான தெருவிலே வீடுகளுக்குள் தண்ணீர் நுழையும். அப்போதும் அலறுவது அதே கைப்பேசி.

ஊரின் பெரிய சாலையிலே ஒரு பள்ளம் விழுந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாலை நெடுஞ்சாலைத் துறைக்குச் சொந்தம். பள்ளம் தோண்டியது குடிநீர்க் குழாய் பதித்தவர்கள். மூடாமல் போனது அவர்களின் ஒப்பந்தக்காரர். வண்டியோடு விழுந்தவர் விடுகிற வசவு மட்டும் கவுன்சிலருக்குச் சொந்தம்! வாட்ஸ்அப் குழு என்று ஒன்று வந்த பிறகு அந்த வசவு படத்தோடு வருகிறது.

இவ்வளவு ஓட்டத்துக்கும் சர்க்கார் தருவது என்ன? 2023 ஜூலைக்கு முன்பு, கூட்டத்துக்கு வந்தால் கிடைக்கும் அமர்வுப்படியோடு சரி. அதன் பிறகு மாத மதிப்பூதியம் வந்தது: மாநகராட்சிக் கவுன்சிலருக்கு 10,000 ரூபாய், நகராட்சிக் கவுன்சிலருக்கு 5,000, பேரூராட்சிக் கவுன்சிலருக்கு 2,500. வரவேற்கத் தக்கதுதான். ஆனால் ஒரு முகூர்த்த மாதத்தை எண்ணிப் பாருங்கள். வார்டுக்குள் எத்தனை கல்யாணம், எத்தனை காதுகுத்து, எத்தனை மஞ்சள் நீராட்டு! போகாமல் இருக்க முடியாது. வெறுங்கையோடு போகவும் முடியாது. சாவுக்கு மாலை, அம்மன் திருவிழாவுக்கு நன்கொடை, இளைஞர்களின் கபடிப் போட்டிக்குக் கோப்பை. 2,500 ரூபாய் வாங்குகிற பேரூராட்சிக் கவுன்சிலருக்கு அது மாலைக்குக்கூடக் காணாது. தேர்தல் ஆண்டு என்றால் இந்தச் செலவு இரட்டிக்கிறது. சென்ற ஆண்டு நூற்றொரு ரூபாய் வாங்கிக்கொண்ட விழாக் குழு இந்த ஆண்டு ஐயாயிரத்துக்கு ரசீது எழுதிக்கொண்டு வந்து நிற்கிறது.

இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது?

சொந்தப் பணத்தை இறைக்கிறவர்களும் உண்டு, இறைத்துக் கடனாளியானவர்களும் உண்டு. எல்லோரும் அப்படி இல்லை என்பதை நாடறியும். நம் தெருவிலே போட்ட சிமெண்டுச் சாலை முதல் மழைக்கே பொரிந்துபோவது ஏன் என்ற கேள்விக்கும், நம் வீட்டுக் கல்யாணத்தில் கவுன்சிலர் எழுதிய மொய்க்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. கோப்பையும் கேட்கிறோம், கெட்டியான சாலையும் கேட்கிறோம். நேர்மையான ஒரு கவுன்சிலர், "என்னிடம் கொடுக்க ஒன்றுமில்லை, மன்றத்திலே பேச வாய் மட்டும் இருக்கிறது" என்று சொன்னால், அவரை மறுமுறை தேர்ந்தெடுக்க நாம் தயாராக இருக்கிறோமா? வாக்காளப் பெருமக்கள் இதைக் கோபமில்லாமல் கேட்டுக்கொள்ள வேண்டுகிறோம்.

மன்றத்திலே பேசுவது என்றோம். அங்கேதான் அவருக்கு உரிய உண்மையான வேலை இருக்கிறது. தெருவிலே ஓடுகிற ஓட்டமெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற வேலை; மன்றத்துக்குள் நடப்பதோ யார் கண்ணுக்கும் தெரியாத வேலை. ஒரு சந்துக்குச் சாலை வேண்டும் என்றால் கவுன்சிலர் விரலைச் சொடுக்கியதும் சாலை வந்துவிடுவதில்லை. பொறியாளர் அளந்து மதிப்பீடு போட வேண்டும், நிதி எந்தக் கணக்கில் என்று காட்ட வேண்டும், பொருளாக மன்றத்தின் முன் வைத்துத் தீர்மானம் ஆக வேண்டும், பிறகு டெண்டர், பிறகு வேலை உத்தரவு. கோப்பு ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு நகர்வதற்குள் பருவமழை ஒன்று வந்து போய்விடுகிறது. செயல்படுத்துகிற அதிகாரம் ஆணையரிடம். கவுன்சிலருக்கு உள்ளது கேட்கிற அதிகாரம், பேசுகிற அதிகாரம், கை தூக்குகிற அதிகாரம்.

அந்தக் கையை அவர் எப்படித் தூக்குகிறார்? மாதக் கூட்டத்துக்குப் போய்ப் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்தவர்கள் அறிவார்கள். பொருள் எண் ஒன்றிலிருந்து எண்பது வரை அச்சடித்த கட்டு. படித்துப் பார்க்க நேரமில்லை. ஒருவர் எழுந்து தம் தெருவின் தெருவிளக்கைப் பற்றிப் பேசுகிறார். இன்னொருவர் தலைவரைப் புகழ்கிறார். மூன்றாமவர் வெளிநடப்புச் செய்கிறார். கடைசியில் "ஆல் பாஸ்" என்று ஒரு குரல். எண்பது பொருளும் நிறைவேறிவிட்டன! அந்த எண்பதிலே எது சாலை, எது குத்தகை, எது வாடகைத் தள்ளுபடி என்று வெளியே வருகிறவர்களைக் கேட்டால் பலருக்குத் தெரியாது.

2022-இல் நடந்த ஒன்றை நினைவூட்டுகிறோம். பதவியேற்ற ஒரு மாதத்துக்குள்ளே சொத்துவரி உயர்வு இந்தப் புதுக் கவுன்சிலர்களின் மேசைக்கு வந்தது. 600 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்கு 25 விழுக்காட்டில் தொடங்கி, சென்னையின் பழைய பகுதிகளில் 1,800 சதுர அடிக்கு மேற்பட்ட வீட்டுக்கு 150 விழுக்காடு வரை உயர்வு. மத்திய அரசின் 15-ஆம் நிதிக்குழு விதித்த நிபந்தனை என்று மாநில அரசு காரணம் சொன்னது. வரியே கூடாது என்று நாம் சொல்ல மாட்டோம். பல ஆண்டுகள் உயர்த்தாமல் விட்ட வரியை ஒரு நாள் உயர்த்தத்தான் வேண்டும். நாம் கேட்பது வேறு. வரியின் அளவை டில்லியும் கோட்டையும் தீர்மானித்தன. கை தூக்கியது கவுன்சிலர். தெருவிலே ஏச்சு வாங்கியதும் கவுன்சிலர். எந்த வரி, எவ்வளவு, எந்த வேலைக்கு என்று மன்றம் தானே உட்கார்ந்து விவாதித்த ஊர்கள் எத்தனை? உள்ளாட்சி என்ற சொல்லிலே ஆட்சி இருக்கிறது. அந்த ஆட்சி மன்றக் கூடத்துக்கு இன்னும் முழுதாக வந்து சேரவில்லை.

ஆனால் ஒரு மன்றத் தீர்மானம் எத்தகைய காரியத்தைச் செய்ய முடியும் என்பதற்குச் சான்று தேடி நாம் சீமைக்குப் போக வேண்டியதில்லை. 1920-ஆம் ஆண்டில், பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி மன்றம், ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளிக்கூடத்தில் ஏழைப் பிள்ளைகளுக்கு நண்பகல் உணவு கொடுக்கத் தீர்மானித்தது. காமராசர் காலத்து மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவு, 2022-இல் தொடங்கிய காலை உணவு என்று இன்று நாடே பேசுகிற திட்டங்களின் முதல் விதை சென்னை ரிப்பன் மாளிகைக் கூடத்திலே கை தூக்கிய கவுன்சிலர்கள் போட்ட விதை. ஈரோட்டில் பெரியார் நகராட்சித் தலைவராக இருந்தபோது குழாய்க் குடிநீருக்கு வழி செய்தார். சேலத்தில் 1917-இல் ராஜாஜி நகராட்சித் தலைவரானார். 1939-இல் சென்னை மேயரான சத்தியமூர்த்தி பூண்டி நீர்த்தேக்கத்துக்காக வாதாடினார்; இன்றும் அது அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. இவர்களெல்லாம் பின்னாளில் நாட்டை அசைத்தவர்கள். குழாயும் சாக்கடையும் தங்கள் தகுதிக்குக் குறைந்தவை என்று அவர்கள் எண்ணவில்லை.

இன்றோ கவுன்சிலர் பதவி என்றால் சட்டசபைப் படிக்கட்டின் முதற்படி என்றுதான் பலர் எண்ணுகிறார்கள். மேலே இருப்பவர்களும் அப்படியே நடத்துகிறார்கள். தேர்தல் என்றால் அது சட்டசபைத் தேர்தலாகவோ பாராளுமன்றத் தேர்தலாகவோ இருந்தாலும், சுமை விழுவது கவுன்சிலர் தலையில்தான். சாவடி வாரியாக ஆள் சேர்ப்பது, தலைவர் வருகைக்குக் கூட்டம் திரட்டுவது, சுவர் பிடிப்பது, வீடு வீடாகச் சீட்டுக் கொடுப்பது எல்லாம் அவர் பொறுப்பு. 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, படிவத்தை எப்படி நிரப்புவது, பழைய பட்டியலில் பெயர் எங்கே என்று மக்கள் ஓடிப்போய்க் கேட்டது யாரிடம்? பல தெருக்களிலே கவுன்சிலர் வீட்டுத் திண்ணையே படிவம் நிரப்பும் அலுவலகமாக மாறிற்று. மாதக் கணக்கில் இந்த வேலை. அந்த மாதங்களில் வார்டின் சாலைக் கோப்பு எந்த மேசையில் தூங்கியதோ!

இன்னொரு வேடிக்கையும் உண்டு. தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் நடத்தை விதி வந்துவிடும். புதிய பணி தொடங்கக் கூடாது. சட்டசபைத் தேர்தல் 2026-க்கு உரியது. மன்றங்களின் ஆயுள் 2027 மார்ச்சில் முடிகிறது. ஆக, மன்றத்தின் கடைசி ஓராண்டுக் கணக்கிலே இரண்டு தேர்தல்கள், இரண்டு நடத்தை விதிகள், இரண்டு தடைகள். இடையிலே கிடைப்பது சில மாதங்கள். அவற்றிலும் ஒரு வடகிழக்குப் பருவமழை. நாலாண்டு தள்ளிப்போட்ட வேலைகள் அந்தச் சந்துக்குள் முண்டியடித்துக்கொண்டு நுழைகின்றன. தார் கொதிக்குமுன் கொட்டுகிறார்கள். கொட்டியது ஆறுமுன் ரிப்பன் வெட்டுகிறார்கள். சாக்கடையிலே திடீரென்று மண்வெட்டி இறங்கிய மர்மம் இதுதான்.

பெண் கவுன்சிலர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2016-இல் செய்த சட்டத் திருத்தத்தால் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு என்று ஆயிற்று. பெருமைப்படத் தக்க சட்டம். ஆனால் வார்டுக்குப் போய், "கவுன்சிலர் யார்?" என்று கேட்டுப் பாருங்கள். பல இடங்களிலே ஓர் ஆண்மகன் எழுந்து நின்று, "நான்தான், சொல்லுங்க" என்கிறார். சுவரொட்டியிலே அம்மையார் படம் சிறியது. கணவர் படம் பெரியது. கவுன்சிலரின் கணவர் என்று ஒரு பதவியை எந்தச் சட்டம் உண்டாக்கிற்று? அதே வேளையில், தாமே கோப்பைப் படித்து, தாமே பொறியாளரோடு வாதாடி, இரவு பதினோரு மணிக்குத் தாமே பம்பு அறைக்குப் போய் நிற்கிற சகோதரிகளும் பலர் உண்டு. அவர்கள் வார்டிலே குழாயடிப் பெண்கள் "அக்கா" என்று உரிமையோடு கூப்பிடுவதைக் கேட்டிருக்கிறோம். ஆண் கவுன்சிலரிடம் சொல்லக் கூசுகிற பொதுக் கழிப்பறைக் குறையை அந்த அக்காவிடம் சொல்கிறார்கள். கழிப்பறைக்குத் தாழ்ப்பாளும் விளக்கும் வருகின்றன. வார்டின் ஒதுக்கீடு சுழற்சியிலே மாறி அந்தச் சகோதரிக்கு இடமில்லாமல் போகும்போது, "உங்கள் வேலை முடிந்தது, வீட்டுக்குப் போங்கள்" என்று சொல்கிற கட்சிகளே மிகுதி. பொது வார்டிலே ஒரு பெண்ணை நிறுத்தினால் குடியா முழுகிவிடும்?

சரி, தள்ளி வைத்த கேள்விக்கு வருவோம். தேர்தல் உரிய காலத்தில் நடக்குமா?

இதை ஏன் ஐயத்தோடு கேட்கிறோம் என்றால், பட்ட அனுபவம் அப்படி. சென்னை மாநகராட்சி மன்றம் 1973-இல் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்ந்தெடுத்த மன்றம் வந்தது 1996-இல். 23 ஆண்டுகள்! மன்றம் கலைந்த ஆண்டு பிறந்த குழந்தை வளர்ந்து வாக்குரிமை பெற்று, அதற்குப் பிறகும் ஆண்டுக்கணக்கில் காத்திருந்துதான் தன் தெருவுக்கு ஒரு கவுன்சிலரைப் பார்த்தது. இனி இப்படி நடக்கக் கூடாது என்றுதான் 1993 ஜூன் முதல் நாள் அமலுக்கு வந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், ஐந்தாண்டு முடியுமுன் தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று எழுதி வைத்தது. 2006-இல் அகமதாபாத் மாநகராட்சி வழக்கிலே உச்சநீதிமன்றமும் அதையே அழுத்திச் சொல்லிற்று.

சொல்லியும் என்ன? 2011-இல் தேர்ந்தெடுத்த மன்றங்களின் ஆயுள் 2016 அக்டோபரில் முடிந்தது. அறிவித்த தேர்தலை அந்த அக்டோபரிலேயே உயர்நீதிமன்றம் ரத்துச் செய்தது. இட ஒதுக்கீட்டு முறையிலே குறை, பிறகு வார்டு வரையறை, பிறகு வழக்கு, பிறகு மேல்முறையீடு என்று காலம் நழுவிற்று. ஊராட்சிகளுக்கு 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரிலும், மீதி மாவட்டங்களில் 2021 அக்டோபரிலும் தேர்தல் வந்தது. நகரங்களுக்கோ 2022 பிப்ரவரியில்தான். இடையிலே ஐந்தாண்டுக்கு மேல் நகரங்களை ஆண்டவர்கள் தனி அலுவலர்கள். அந்தக் காலத்தில் என்னென்ன நடந்தன என்று எண்ணுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவைப் புரட்டிப் போட்டது. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, குடங்கள் லாரிக்குப் பின்னால் ஓடின. 2020-இலும் 2021-இலும் கொரோனா வீடு வீடாக நுழைந்தது. எந்த வீட்டிலே காய்ச்சல், எந்த வீட்டிலே அரிசி இல்லை, எந்தக் கிழவர் தனியாகக் கிடக்கிறார் என்று அறிந்து சொல்லத் தமிழ்நாட்டின் எந்த நகரத்திலும் ஒரு கவுன்சிலர்கூட இல்லை! ஆணையர்கள் உழைத்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் ஆணையருக்குத் தெருவின் பெயர் தெரியும். தெருவிலே இருப்பவர் பெயர் தெரியாது. தேர்ந்தெடுத்த அமைப்புகள் இல்லை என்று காட்டி உள்ளாட்சிகளுக்கு உரிய மத்திய மானியத்தையும் டில்லி நிறுத்தி வைத்த காலம் அது.

தேநீர்க் கடையிலே கேலி பேசுகிறவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். கவுன்சிலர் கெட்டவர் என்றால் ஐந்தாண்டிலே வீட்டுக்கு அனுப்பலாம். விடியற்காலை ஐந்தரைக்கு அவரைக் கூப்பிட்டு வையலாம். தனி அலுவலரை எந்த எண்ணிலே கூப்பிடுவது? எந்தச் சாவடியிலே தோற்கடிப்பது?

அந்த நோய் இன்னும் தீர்ந்தபாடில்லை. 2019 டிசம்பரில் தேர்தல் கண்ட 27 மாவட்டங்களின் ஊராட்சி அமைப்புகள் 2025 சனவரி 5-ஆம் நாளோடு ஆயுள் முடிந்து, மறுபடியும் தனி அலுவலர் கைக்குத்தான் போயின. நகரங்களுக்கும் அதே கதி வரக் கூடாது. வார்டு வரையறை என்றும், ஒதுக்கீடு என்றும், மக்கள்தொகைக் கணக்கு என்றும் காரணங்கள் கட்டாயம் கிளம்பும். முடிய வேண்டிய தேதி ஐந்தாண்டுக்கு முன்பே தெரிந்த காரியத்துக்கு, கடைசி மாதத்திலே காரணம் சொல்வது எப்படி அடுக்கும்? வரையறையில் குறை இருந்தால் இப்போதே திருத்துங்கள்; வழக்கு வரும் என்றால் இப்போதே வரட்டும். ஆளுங்கட்சிக்குக் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்துத் தேதி குறிக்கிற வழக்கம் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறது. எந்தக் கொடி கோட்டையிலே பறந்தாலும் இருந்திருக்கிறது. தலைவரை மக்கள் நேரே தேர்ந்தெடுப்பதா, கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுப்பதா என்பதையே எத்தனை முறை மாற்றினார்கள்! 1996-இலும் 2001-இலும் நேரடி, 2006-இல் மறைமுகம், 2011-இல் மறுபடி நேரடி, 2022-இல் மறுபடி மறைமுகம். பிள்ளைகள் பல்லாங்குழி ஆடினால்கூட நடு ஆட்டத்திலே விதியை மாற்ற மாட்டார்கள்.

மாநிலத் தேர்தல் ஆணையத்தை நாம் கேட்பது ஒன்றுதான்: 2027 மார்ச்சுக்கு முன் நகர மன்றத் தேர்தல் நடந்து முடியும்படி கால அட்டவணையை வெளியிடுங்கள். வாக்காளர் பட்டியல் எப்போது, ஒதுக்கீட்டு அறிவிப்பு எப்போது, மனுத் தாக்கல் எப்போது என்று மக்களுக்கு முன்கூட்டியே தெரியட்டும். தேதி தெரிந்தால் வேட்பாளராக விரும்புகிற ஏழை ஆசிரியரும் நெசவாளியும் தம்மைத் தயார் செய்துகொள்ள முடியும். தேதி தெரியாத தேர்தலிலே பணப்பெட்டி வைத்திருப்பவர் மட்டுமே எப்போதும் தயாராக இருக்கிறார்.

கட்சித் தோழர்களான கவுன்சிலர்களிடமும் உரிமையோடு ஒன்று சொல்கிறோம். மற்றக் கட்சிக்காரர்களுக்கு நாம் சொன்னால் கேட்க மாட்டார்கள், நீங்கள் கேட்பீர்கள். பகுதி சபை என்று ஓர் ஏற்பாடு 2022-இல் வந்தது. வார்டைப் பகுதிகளாகப் பிரித்து, அங்கங்கே மக்களைக் கூட்டி, கவுன்சிலர் அவர்கள் முன் உட்கார வேண்டும் என்பது அதன் முறை. 2022 நவம்பர் முதல் நாள் பம்மலில் நடந்த கூட்டத்தில் முதலமைச்சரே கலந்துகொண்டார். அதன் பிறகு எத்தனை வார்டுகளில் அது ஒழுங்காக நடந்தது? பத்துப் பேரைக் கூட்டி, படம் எடுத்து, பதிவேட்டிலே கையெழுத்து வாங்கியதோடு முடித்துக்கொண்ட வார்டுகளை நாமும் பார்த்திருக்கிறோம்.

தேர்தல் அறிவிப்பு வருமுன், நம் கட்சிக் கவுன்சிலர் ஒவ்வொருவரும் தம் வார்டிலே அந்தச் சபையை ஒருமுறையேனும் முறையாகக் கூட்ட வேண்டும். ஐந்தாண்டில் வார்டுக்கு வந்த பணி எது, தொகை எவ்வளவு, ஒப்பந்தக்காரர் யார், முடிந்தது எப்போது, முடியாதது ஏன் என்று ஒரு தாளிலே எழுதி வாசிக்க வேண்டும். மன்றத்திலே எந்தத் தீர்மானத்துக்குக் கை தூக்கினார், எதை எதிர்த்தார் என்பதும் அந்தத் தாளிலே இருக்கட்டும். மக்கள் திட்டுவார்கள், திட்டட்டும். அந்தத் தாளின் பிரதியை நியாயவிலைக் கடைச் சுவரிலும் பள்ளிக்கூட வாசலிலும் ஒட்டுங்கள். ஒட்டுவதற்குத் தயங்குகிறவர் யார் யார் என்பதைக் கட்சியின் நகரக் கிளைகள் குறித்து வைத்துக்கொள்ளட்டும். வேட்பாளர் தேர்வுக்கு உட்காரும்போது அந்தக் குறிப்பு உதவும்.